பையன் பேரில் பாலிசியா, வீட்டில் பாத்ரூமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். மூத்த மகனுக்கு 12 வயது. பிறவியிலேயே செரிப்ரல் பால்சி, கால்களில் பலம் இல்லை, கைகள் நன்றாக இயங்கும், படிப்பில் கெட்டிக்காரன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடமும் ஓய்வு நேரத்தில் நானே போய் அவனைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்காகவே 2,300 ரிங்கிட் சம்பள வேலையை விட்டேன். வரும் ஜனவரியில் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம். பள்ளி பெரியது, நிறைய பிளாக். கணவருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 5,500 ரிங்கிட் சம்பளம், மாதச் செலவு 4,000 ஆகிறது. மாமியார் காலமான பிறகு நகை விற்ற பணம் 38,000 ரிங்கிட் கையில் இருக்கிறது. கணவரின் நண்பர் ஒருவர் பையன் பேரில் மாதம் 500 ரிங்கிட், 20 வருட சேமிப்புக் காப்புறுதி எழுதிக் கொடுத்தார், பாலிசி போன வாரம்தான் வந்தது. கணவர் மீதிப் பணத்தை முன்பணமாகப் போட்டு பெரிய கார் எடுக்கலாம் என்கிறார். மின்சார சக்கர நாற்காலிக்கு 8,500, வீட்டு பாத்ரூமை மாற்ற 7,000 என்று விலை கேட்டு வைத்திருக்கிறேன். வளர்கிற பிள்ளைக்கு இது வீண் செலவு, எங்கள் காலத்துக்குப் பிறகு அவனுக்கு என்று சேர்த்து வை என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) இன்னும் எடுக்கவில்லை, மாமியாருக்குப் பிடிக்காது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, மற்றதை அப்புறம் பார்ப்போம், அந்த பாலிசி எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வந்தது என்று முதலில் பாருங்கள். ஆயுள் காப்புறுதி பாலிசி கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் கட்டிய பிரிமியத்தைத் திருப்பித் தர வேண்டும், மருத்துவப் பரிசோதனை ஏதும் செய்திருந்தால் அந்தச் செலவை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். போன வாரம் வந்தது என்றால் இன்னும் சில நாள் இருக்கிறது. நண்பரிடம் வாயால் சொல்வது போதாது, கம்பெனிக்கே கடிதமோ மின்னஞ்சலோ போக வேண்டும். நண்பர் கோபித்துக்கொள்வார்தான். இரண்டு மாதத்தில் சரியாகிவிடுவார்.

ஏன் ரத்து செய்யச் சொல்கிறேன்? மாதம் 500 என்றால் 20 வருடத்தில் 1,20,000 ரிங்கிட். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா), வரி எல்லாம் போக கணவர் கையில் ஏறக்குறைய 4,800 வரும், செலவு 4,000. மிஞ்சுகிற 800இல் 500 இதற்கே போனால் ஒரு மாதம் கார் பழுதானாலும் தடுமாறுவீர்கள், அப்படித் தடுமாறி முதல் சில வருடத்தில் நிறுத்தினால் கட்டியதில் பாதிகூடத் திரும்பி வராமல் போகலாம். இன்னொன்று, உங்கள் வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவர், அவருக்கு ஏதாவது ஆனால்தான் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். காப்புறுதி எழுத வேண்டியது அவர் உயிருக்கு, பையன் உயிருக்கு இல்லை. சேமிப்பு எதுவும் சேராத வெறும் ஆயுள் காப்புறுதி, 3 லட்சம் ரிங்கிட் தொகைக்கு, பையனுக்கு 25 வயது ஆகும் வரை என்று இரண்டு மூன்று கம்பெனியில் விலை கேளுங்கள். புகை பிடிக்காதவர் என்றால் அந்த 500இல் ஒரு பகுதிதான் ஆகும். அதில் உங்களை நியமனதாரராகப் போடச் சொல்லுங்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் மனைவியையோ பிள்ளையையோ நியமித்தால் அந்தப் பணம் அறக்கட்டளைப் பணமாகிவிடும், கடன்காரர்கள் தொட முடியாது.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் எனக்குக் கண்ணில் பட்ட எண். 38,000 இல்லை, 500 இல்லை, 8,500உம் இல்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன 2,300. நீங்கள் விட்ட சம்பளம். முதலாம் படிவத்திலிருந்து ஐந்தாம் படிவம் வரை ஐந்து வருடம், 60 மாதம். கூட்டிப் பாருங்கள், 1,38,000 ரிங்கிட். முதலாளி இபிஎஃப்பில் போடுகிற 13 விழுக்காடு, அதாவது மாதம் 299, தனி. பையனுக்கென்று 20 வருடம் கட்டிச் சேர்க்கப் பார்க்கிற தொகையைவிட, அவன் தனியாகக் கழிப்பறைக்குப் போக முடியாததால் ஐந்தே வருடத்தில் வீடு இழக்கப் போகிற தொகை பெரியது. சொந்தக்காரர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை, அம்மா என்றால் சும்மா வருகிற வேலைக்காரி என்ற நினைப்பு நம் ஆட்களுக்கு.

அதனால் பாத்ரூமும் நாற்காலியும் வீண் செலவே இல்லை. பதின்மூன்று வயதுப் பையனை அம்மா பள்ளியில் எல்லோர் முன்னாலும் தூக்கிக்கொண்டு போவது அவனுக்கு எப்படி இருக்கும் என்பதையும் யோசியுங்கள். தவிர இன்னும் இரண்டு வருடத்தில் அவன் 50 கிலோ வந்துவிடுவான், உங்கள் முதுகு என்ன ஆகும்? கைகளில் பலம் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் சுவரில் கைப்பிடி, சரியான உயரத்தில் இருக்கை, நாற்காலி நுழைகிற அகலத்தில் கதவு, வாசல் படியை எடுத்துவிட்டு ஒரு சரிவு, இவ்வளவு இருந்தால் நாற்காலியிலிருந்து தானே மாறி உட்காரப் பழகலாம். வீட்டில் பழகினால்தான் பள்ளியிலும் செய்வான். கான்ட்ராக்டரை மட்டும் நம்பி இடிக்க வேண்டாம், செபராங் ஜெயா மருத்துவமனையில் தொழில்வழிச் சிகிச்சையாளரை (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிறவர்) பார்த்து, கைப்பிடி எத்தனை உயரத்தில், எந்தப் பக்கத்தில் என்று எழுதி வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். இடம் மாறிப் பொருத்திய கைப்பிடி துண்டு காயப்போடத்தான் உதவும்.

நாற்காலிக்கும் அதே ஆளின் அளவும் பரிந்துரையும் வேண்டும். இடுப்பு அகலம், தொடை நீளம் பார்க்காமல் கடையில் இருப்பதை வாங்கினால் முதுகு கோணும், புண் வரும், அப்புறம் அதற்கு ஒரு செலவு. வளர்கிற பிள்ளை என்பது உண்மைதான், அதற்காகத்தான் இருக்கையின் ஆழத்தையும் கால் தாங்கியையும் கூட்டிக் குறைக்கிற மாதிரி கேட்டு வாங்க வேண்டும். மின்சார நாற்காலியா, கையால் தள்ளுகிற இலேசான நாற்காலியா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கூடம், கணினிக் கூடம் என்று அறை மாறிக்கொண்டே இருக்கும், பிளாக்குக்கு பிளாக் தூரம், ஐந்து நிமிட இடைவெளி. கையால் தள்ளி வியர்த்து விறுவிறுத்து வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்கும் விசையைத் தொட்டுப் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவனையே கேளுங்கள். ஓட்டப்போவது அவன்.

இதெல்லாம் நடக்க முதலில் கார்டு. மாமியார் மனசு நோகக்கூடாது என்று இத்தனை வருடம் இருந்தீர்கள், புரிகிறது, பதிந்தால் பெயர் கெட்டுவிடும் என்று நினைக்கிற வீடுகள் நம்மில் நிறைய. அந்த மரியாதைக்கு நீங்கள் கொடுத்த விலையைக் கணக்காகவே காட்டுகிறேன். கணவரின் வருடச் சம்பளம் 66,000. வருமான வரிக்கு அதில் கழிப்பவை: தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் 4,000, சொக்சோ 350, வேலைக்குப் போகாத மனைவிக்கு 4,000, இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் தலா 2,000. மீதி 44,650, அதற்கு வரி 1,179 ரிங்கிட். கார்டு இருந்தால் மகனுக்குக் கழிவு 2,000 இல்லை, 8,000 (2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதற்கு முன் 6,000). வரி 819க்கு இறங்கும். நாற்காலி வாங்குகிற வருடத்தில் உபகரணக் கழிவு 6,000 வரை இருக்கிறது, அதைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் 32,650. அது 35,000க்குள் வந்துவிட்டால் கணவருக்கு 400, உங்களுக்காக 400 என்று வரித் தள்ளுபடி கிடைக்கும், கணக்கில் வரி சுமார் 530தான் என்பதால் கட்ட வேண்டியது ஒன்றுமே இல்லை. கார்டு வந்த பிறகு நாற்காலி வாங்குங்கள், ரசீதில் கணவர் பெயர் இருக்கட்டும்.

கார்டுக்கு மாவட்ட ஜேகேஎம் (சமூக நல இலாகா) அலுவலகத்திலோ ஸ்மோக்கு இணையத்தளத்திலோ மனுச் செய்யலாம், டாக்டர் உறுதிப்படுத்த வேண்டும், கட்டணம் கிடையாது. கார்டு இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநோயாளி சிகிச்சைக்கும் மூன்றாம் வகுப்பு வார்டுக்கும் காசு இல்லை. வளரும் வயதில் எலும்பு நீள தசை நீளாமல் இப்படிப் பிள்ளைகளுக்குத் தசைநார் அறுவை சிகிச்சை தேவைப்படுவது உண்டு, அப்போது இதன் அருமை தெரியும். நாற்காலிக்கு ஜேகேஎம்மிடம் துணைக்கருவி உதவியும் கேட்டுப் பார்க்கலாம், உங்கள் வருமானத்துக்குக் கிடைக்குமா என்பது அவர்கள் முடிவு. பினாங்கு அரசின் ஐ-செஜாத்ரா உதவித்தொகைத் திட்டத்திலும் ஓகேயு பிரிவு இருக்கிறது, பதிந்து வையுங்கள். கல்வி அமைச்சு சிறப்புத் தேவை மாணவர்களுக்கு மாதம் 150 ரிங்கிட் தருகிறது, பையன் எந்தத் திட்டத்தின் கீழ் சேர்கிறான் என்பதைப் பொறுத்தது, பள்ளியில் கேளுங்கள். கைக்கு வரும் வரை அதை வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பள்ளியிடம் கேட்க வேண்டிய பெரிய விஷயத்துக்குக் காசே ஆகாது. அவன் வகுப்பைக் கீழ்த்தளத்தில் வையுங்கள் என்று இப்போதே, அட்டவணை போடுவதற்கு முன்னால், தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள், நகலை மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அனுப்புங்கள். எந்த மாற்றுத்திறன் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது. கழிப்பறைக்குக் கைப்பிடி போட பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைக் கேளுங்கள், அவர்கள் இழுத்தடித்தால் அந்தச் செலவையும் நீங்களே போட்டுவிடுங்கள். சில நூறு ரிங்கிட்டுக்காக ஒரு வருடம் தூக்கிக்கொண்டு அலைவது கணக்குக்கு ஒத்துவராது.

38,000இல் பாத்ரூமும் நாற்காலியும் 15,500. மீதி 22,500இல் 16,000ஐ, நான்கு மாதச் செலவு, வங்கியில் எடுக்கிற மாதிரி வையுங்கள், அதைத் தொடாதீர்கள். 4,000ஐ அடுத்த வருடத்துக்கு ஒதுக்குங்கள். அந்த வருடம் நாற்காலிக் கழிவு இருக்காது, வரி மறுபடி 819 வரும், அப்போது பையன் பேரில் எஸ்எஸ்பிஎன் என்கிற அரசாங்கக் கல்விச் சேமிப்பில் 4,000 போட்டு அந்த வருடம் எடுக்காமல் இருந்தால் வருமானம் மறுபடி 35,000க்குள் இறங்கி வரி இல்லாமல் போகும். இந்தக் கழிவு 2027 வரை இருக்கிறது. நாற்காலி வாங்கும் வருடத்திலேயே போட்டால் வரியில் ஒரு காசு லாபம் இல்லை. மிஞ்சுவது 2,500, நாற்காலி பேட்டரிக்கும் உயில் எழுதவும்.

உயில் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். உயில் இல்லாமல் கணவர் போனால் சொத்தில் உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு இரண்டு பங்கு, மாமனார் இருந்தால் அவருக்குக் கால் பங்கு போய், உங்களுக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி என்று குறைந்துவிடும். சிறு பிள்ளைகள் பங்கு இருக்கிற வீட்டை விற்க நீதிமன்றம் ஏற வேண்டிவரும். ஆனால் இதற்காக மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பு அறக்கட்டளை என்று யாராவது பெரிய தொகைக்கு விற்க வந்தால் வாங்காதீர்கள். அது பணத்தைத் தானே நிர்வகிக்க முடியாத பிள்ளைகளுக்கு. உங்கள் மகனுக்குக் கால்தான் நடக்காது. 18 வயதில் அவனே கையெழுத்துப் போடுவான், வேலைக்கும் போவான், அந்த எண்ணத்தோடுதான் நான் இந்தக் கணக்கையே போட்டேன். கூடவே கணவரின் இபிஎஃப் நியமனத்தையும் பாருங்கள், கல்யாணத்துக்கு முன் அம்மா பேரைப் போட்டு அப்படியே விட்டவர்கள் ஏராளம், உங்கள் மாமியார் இப்போது இல்லை.

நீங்கள் வேலைக்குத் திரும்பும் வரை சொக்சோவின் இல்லத்தரசித் திட்டம், லிண்டுங் காசே, வருடம் 120 ரிங்கிட். வீட்டு வேலையில் விழுந்து அடிபட்டால் பாதுகாப்பு உண்டு. தினமும் பிள்ளையைத் தூக்குகிறவர் எடுக்காமல் இருக்கக்கூடாது. வேலைக்குப் போனதும் கணவருக்கு உங்களுக்கான கழிவு போய் வரி கொஞ்சம் கூடும், கூடட்டும்.

கடைசியாக அந்தப் பெரிய கார். ஒன்பது வருடக் கடன் எடுப்பதற்கு முன், நாற்காலி விற்கிற கடைக்கு இப்போதுள்ள காரிலேயே பையனை அழைத்துக்கொண்டு போங்கள். அவன் பார்த்து வைத்த நாற்காலியை மடித்து பின்பக்கம் ஏற்றித் தரச் சொல்லுங்கள், நீங்களே ஒரு தடவை தூக்கியும் பாருங்கள், மின்சார நாற்காலிகளில் பலவும் 25 கிலோவைத் தாண்டும். ஏறவில்லை என்றால் கழற்றி வைக்கும் சரிவுப் பலகை ஒன்றின் விலை கேளுங்கள். பள்ளி வேன்காரர்களிடமும் நாற்காலியோடு ஏற்றுவாரா, மாதம் எவ்வளவு என்று விசாரியுங்கள். அதற்கும் வழி இல்லை என்றால் கார் பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள், அதுவும் பழைய வண்டியாகப் பார்ப்போம்.