விசாரிப்பா, விசாரணையா?

கேள்வி: எங்கள் சபையில் தச்சு வேலை செய்யும் ஒரு சகோதரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். எட்டு மாதமாக வேலை இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். ஞாயிறுதோறும் ஜெபக்குறிப்பில் அவர் பெயர் வருகிறது. ஆனால் உதவி என்று பேச்செடுத்தால், "அவருக்கு அண்ணன்மார் வசதியாக இருக்கிறார்களே", "போன தடவை கொடுத்த பணத்தில் மகளுக்குப் பட்டுப்பாவாடை எடுத்தார்களாம்" என்கிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளராக நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, நம் பழைய வேதாகமத் தமிழில் 'விசாரிப்பது' என்றால் கவனித்துக்கொள்வது. "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்று மத்தேயு 25-ல் ஆண்டவர் சொல்வது அந்தப் பொருளில்தான். இன்று விசாரணை என்றதும் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வருகிறது. உங்கள் சபையிலும் அந்த இரண்டாவது விசாரணைதான் நடக்கிறது.

முதலில் அண்ணன்மார் கதை. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் 1 தீமோத்தேயு 5:8-ல் எழுதியது உண்மை. ஆனால் அது உறவினர்களைப் பார்த்துச் சொன்னது. சபை கைகழுவிக்கொள்வதற்கான சாக்கு இல்லை. குருவானவரும் வயதில் மூத்த ஒருவரும் அண்ணன்மாரை நேரில் போய்ப் பார்க்கட்டும். அவர்கள் பதில் வரும்வரை டயாலிசிஸ் காத்திருக்காது. நீங்களும் காத்திருக்க வேண்டாம்.

பட்டுப்பாவாடை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கும் வீட்டில் ஒரு பெண்பிள்ளை பண்டிகைக்குப் புதுசு உடுத்தியதைக் கணக்குப் பார்க்கிற சபை, தன் காணிக்கைக் கணக்கையும் அதே கண்ணோடு பார்க்கிறதா? பணம் தப்பாகப் போகும் என்ற பயம் உண்மையிலேயே இருந்தால், மருந்துக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நேராகக் கட்டிவிடுங்கள். வீட்டுச் செலவுக்கென்று கையில் கொடுப்பதை, கொடுத்ததோடு மறந்துவிடுங்கள்.

எருசலேம் சபையிலும் இப்படி ஒரு முறுமுறுப்பு வந்தது. அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் குறைப்பட்டார்கள் (அப்போஸ்தலர் 6). அப்போஸ்தலர்கள் அன்பைப் பற்றி இன்னொரு பிரசங்கம் பண்ணவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்டவர்களின் வலி தெரிந்தவர்கள் கையிலேயே பொறுப்பு போனது என்றுதான் நான் வாசிக்கிறேன். உங்களுக்கு ஏழு பேர் வேண்டாம், மூன்று பேர் போதும். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்த அனுபவம் உள்ள ஒருவர் அதில் கட்டாயம் இருக்கட்டும். பணத்தை இரண்டு பேர் சேர்ந்து கையாளட்டும். எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது பவுலே தனியாகப் போகவில்லை. ஒருவரும் குறை சொல்லக் கூடாதென்று கூட ஆட்களைச் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:20).

அந்த மூன்று பேர் முதலில் விசாரிக்க வேண்டியது காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று அலைய அந்த வீட்டு அம்மாவுக்கு நேரமோ தெம்போ இருக்காது. உங்கள் சபையில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவராவது இருப்பாரே, அவரைப் பிடியுங்கள். ஆயிரக்கணக்கில் திரட்டிக் கொடுப்பதைவிட இது பெரிய உதவி.

அடுத்தது கூடப் போவது. ஒரு தடவை டயாலிசிஸ் என்றால் ஏறக்குறைய நாலு மணி நேரம். போக வர ஆட்டோ வேறு. முடிந்து எழுந்திருக்கும்போது பலருக்கு உடம்பு துவண்டுவிடும். வாரத்தில் ஒரு நாளாவது சபையார் ஒருவர் கூடப் போனால், மனைவி அன்றைக்குக் கூலி வேலைக்கோ, கொஞ்சம் தூங்கவோ போகலாம்.

பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள். நோயாளி என்றதும் இளநீரும் வாழைப்பழமும் ஆரஞ்சும் வாங்கிப் போவது நம் வழக்கம். மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். தண்ணீருக்கும் உப்புக்கும்கூட அளவு உண்டு. ஏதாவது சமைத்துக் கொடுக்க ஆசைப்பட்டால், மருத்துவமனையில் கொடுத்த உணவுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் செய்து கொடுங்கள்.

பணம் திரட்டுவதில் ஒரே ஒரு யோசனை. இது வருஷக்கணக்கில் போகக்கூடிய வியாதி. ஒரு ஞாயிறு விசேஷக் காணிக்கை எடுத்து, மாலை போடாத குறையாக மேடையில் வைத்துக் கொடுத்துவிட்டால் மூன்றாம் மாதம் எல்லாரும் மறந்திருப்பார்கள். நம் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்தார்களே, அதுபோலச் சிறுதொகை, மாதாமாதம், சத்தமில்லாமல் போகட்டும்.

ஜெபக்குறிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தன் வியாதி ஞாயிறுதோறும் ஒலிபெருக்கியில் வருவது அவருக்குச் சம்மதமா என்று இதுவரை யாராவது கேட்டீர்களா? இந்த வாரம் போகும்போது அவரிடமே கேட்டுவிடுங்கள்.