கடிதத்தின் கடைசி வரி

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். தையல் கம்பெனியில் மாதம் 11,000 ரூபாய் சம்பளம். கணவர் மாங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறார். சீசனில் நல்ல கூலி, மற்ற மாதங்களில் கிடைத்தால் உண்டு. மூன்று முறை சேமிக்க ஆரம்பித்தேன். முதல் முறை நாத்தனார் வீட்டுக் காதுகுத்து மொய்க்குப் போனது. அடுத்தது வண்டி ரிப்பேருக்கு. மூன்றாவது ஜூன் மாதம் மகளின் பள்ளிச் செலவுக்கு. எனக்கு மன உறுதியே இல்லையோ என்று தோன்றுகிறது. தெருவில் தீபாவளிச் சீட்டு பிடிக்கிறார்கள், சேரட்டுமா? இரவில் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைக்கிறேன். கால் மெஷினை மிதித்து முழங்கால் வலிக்கிறது. ஒரு பவர் மெஷின் இருந்தால் நன்றாக இருக்கும், அதெல்லாம் நடக்கிற காரியமா தெரியவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மூன்று முறை விழுந்தும் நான்காவது முறைக்கு வழி கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மன உறுதி இல்லாதவர் இப்படி எழுதமாட்டார். உங்கள் பணத்துக்குத்தான் ஒரு பெயர் இல்லாமல் போய்விட்டது. 'சும்மா சேர்த்து வைத்த காசு' என்றால் மொய்க்காரரும் மெக்கானிக்கும் அதில் பங்கு கேட்பார்கள். கொடுக்காமலிருக்க நமக்கும் காரணம் இருக்காது. நானும் இப்படி இரண்டு வருடம் சேர்த்ததை ஒரே வைகாசியில் நான்கு கல்யாணங்களுக்குக் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறேன்.

அந்தப் பெயரைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள்: பவர் மெஷின். ஆசைப்படக்கூடத் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். தயங்க வேண்டாம். உங்கள் முழங்கால் தினமும் இரவில் அதை நினைவூட்டுகிறது. அதைவிட வலுவான தூண்டுதலை நான் எங்கிருந்து கொண்டுவந்து தரப்போகிறேன்?

இந்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறி, கடையில் மெஷினைத் தொட்டுப் பாருங்கள். ஒரு ரவிக்கைத் துணி கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். விலையைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூடக் குறைய இருந்தால் கணக்கை மாற்றிக்கொள்ளலாம்.

மாதம் 2,000 என்று சமமாகப் பிரித்தால் மறுபடியும் உடையும். உங்கள் வீட்டு வருமானம் சமமாக வருவதில்லையே! பாதியைச் சம்பளத்திலிருந்தும் பாதியை மாங்காயிலிருந்தும் எடுப்போம். சம்பளம் ஏறும் வங்கியில் ஒரு வருட ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) தொடங்கி, மாதம் 1,000 தானாகப் பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுங்கள். தேதி, சம்பளத்துக்கு மறுநாளாக இருக்கட்டும். அஞ்சலக ஆர்.டி. நல்லதுதான், ஆனால் ஐந்து வருடத் திட்டம். மகளின் கல்லூரிக்கு அதைப் பிறகு யோசிக்கலாம். மீதி 12,000? சீசன் சூடாக இருக்கும் பன்னிரண்டு வாரங்களில், கணவர் கூலி வாங்கும் நாளன்றே 1,000 எடுத்து, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். இதை அவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். கடையில் கொடுத்த விலைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மொய்யும் பள்ளிச் செலவும் திடீரென்று வருபவை அல்ல. ஜூன் வருடா வருடம் வருகிறது. முகூர்த்த மாதங்கள் காலண்டரிலேயே இருக்கின்றன. அதற்கென மாதம் 500 தனி உறையில் போடுங்கள். மெஷின் பணத்துக்கு அந்த உறைதான் வேலி. ஒரு மாதம் உறை காலியாக இருந்தால் மொய்யைக் குறைத்து எழுதுங்கள். உறவு அதனால் அறுந்துவிடாது.

தீபாவளிச் சீட்டு வேண்டாம். 1982-ம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்யாதவரிடம் கொடுத்த பணம், அவர் ஊரைவிட்டுப் போனால் அவரோடு போய்விடும்.

1989-ல் தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் உங்கள் மண்ணில்தான் தொடங்கின, அன்றைய தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-ல்தான். சிறு தொகையை அந்தப் பெண்கள் விடாமல் கட்டியதற்குக் காரணம், குறித்த நாளில் நாலு பேர் முன்னால் கட்டி, நோட்டில் வரவு எழுதிக்கொண்டதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் அந்த வேலையை மகளிடம் கொடுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் 24 கட்டங்கள், ஒன்றுக்கு ஆயிரம். பணம் கட்டிய அன்று அவள் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டட்டும். தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள், இரவில் தைக்கும்போது கண்ணில் பட வேண்டும். நடுவில் ஒரு மாதம் தவறினால் அந்தக் கட்டம் வெள்ளையாகவே இருக்கட்டும். தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்காதீர்கள். மூன்று முறையும் நடந்தது அதுதானே?

கடைக்குப் போகும்போது, துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் விலையையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். அது அடுத்த வருடத்துத் தாளுக்கு.