டயாலிசிஸும் எதிர்ப்பு சக்தியும்: டயாலிசிஸ் செவிலியர் பதில்கள்

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. ரத்தம் சுத்தமான பிறகும் ஏன் அடிக்கடி தொற்று வருகிறது?

பதில்: இயந்திரம் ஓடுவது நான்கு மணி நேரம், நல்ல சிறுநீரகம் இரவு பகலாக ஓடும். இடையில் தேங்கும் கழிவுகள் வெள்ளணுக்களை மந்தமாக்கிவிடும். சிலருக்குத் தொற்று இருந்தும் காய்ச்சலே ஏறாது. அதனால் அப்பா "ஒரு மாதிரி இருக்கு" என்றாலே கவனியுங்கள்.

கேள்வி: ரத்தம் வெளியே போய் வருவதாலும் எதிர்ப்பு சக்தி குறையுமா?

பதில்: ரத்தத்தை வடிகட்டும் டயாலைசரின் சவ்வை உடம்பு அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும். பழைய செல்லுலோஸ் சவ்வுகளில், தொடங்கிய கால் மணி நேரத்திலேயே ரத்தத்தில் வெள்ளணுக்கள் சட்டென்று குறைந்து, பிறகு திரும்பும். பாலிசல்ஃபோன் போன்ற செயற்கைச் சவ்வுகளில் இது மிகவும் குறைவு.

எனக்குப் பயமெல்லாம் கழுத்துக் கதீட்டர்தான். தோலைத் துளைத்து நுழையும் அந்தக் குழாயின் நுனி இதயத்தருகே இருக்கிறது. கிருமிக்கு அதைவிடக் குறுக்குவழி ஏது? டயாலிசிஸின் நடுவில் குளிர் நடுக்கம் வந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள். கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் வழி) வைக்க முடியும் என்று டாக்டர் சொன்னால், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அம்மா வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் செய்கிறார். அதில் கவலை இல்லையே?

பதில்: கழுத்துக் குழாய் பயம் இல்லை. மிச்சமிருக்கும் சிறுநீர்ப் போக்கும் இதில் கூடுதல் நாள் நீடிக்கும். அது பெரிய லாபம். ஆனால் தினமும் 5 முதல் 10 கிராம் புரதம், வயிற்றுக்குள் விட்டு எடுக்கும் திரவத்தோடு போய்விடும். கிருமியை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலினும் அதில் உண்டு. திரவத்திலுள்ள குளுக்கோஸ் வயிற்றுக்குள் காவல் இருக்கும் அணுக்களையும் சோர்வாக்கும்.

வெளியே வந்த திரவப் பையை அச்சடித்த தாள்மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும். கலங்கலாகி எழுத்து மங்கினால், வலி இல்லாவிட்டாலும், கொட்டாமல் பையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எனக்கு "பிடிக்கவில்லை", எதிர்ப்பு சக்தி உருவாகவில்லை என்கிறார்கள். டயாலிசிஸில் இருக்கிறேன்.

பதில்: உங்கள் தவறில்லை. தடுப்பூசியை நினைவில் வைக்கும் டி அணுக்கள் இந்த நோயில் பலவீனமாகின்றன. அதனால்தான் இரட்டிப்பு அளவில், 40 மைக்ரோகிராம், போடுகிறோம். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவு பார்ப்பார்கள். 10 mIU/mL-க்குக் கீழே என்றால் மொத்தச் சுற்றையும் மறுபடி போடலாம். பலருக்கு இரண்டாம் சுற்றில் ஏறியிருக்கிறது. ஏறிய பிறகும் வருடத்துக்கு ஒருமுறை அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இறங்கியிருந்தால் பூஸ்டர் ஒன்று போதும்.