பிள்ளை வேண்டாம்: ஆபரேஷனா, காப்பர்-டியா, வேறு வழியா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. கேட்டவர்கள் பெங்களூரில் வசிக்கும் தமிழர்கள். மகப்பேறு மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் உடம்பைப் பரிசோதிக்கும் டாக்டரின் கருத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு 29 வயது. ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை. குழந்தை வேண்டாம் என்று கல்யாணத்துக்கு முன்பே இருவரும் பேசி முடிவு செய்துவிட்டோம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கேட்டுப் போனால், இரண்டு ஆஸ்பத்திரியிலும் "முதலில் ஒண்ணு பெத்துக்கிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். சட்டம் தடுக்கிறதா?

தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. குறுக்கே நிற்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள். 2006-ல் வகுத்த அந்த நெறிகளின்படி, ஆபரேஷன் செய்துகொள்பவர் திருமணமானவராக இருக்க வேண்டும். பெண் என்றால் வயது 22 முதல் 49-க்குள். ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். இது அரசுத் திட்டத்துக்கான தகுதி. ஆனால் நாளைக்குக் கேஸ் கீஸ் என்று வந்துவிடுமோ என்ற பயத்தில் தனியார் டாக்டர்கள் பலரும் இதையே பிடித்துக்கொள்கிறார்கள். அதே நெறிகளில், துணையின் சம்மதம் தேவையில்லை என்றும் இருக்கிறது. அதை மட்டும் மறந்துவிட்டு, கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்பார்கள்.

"பின்னால் வருத்தப்படுவாய்" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களை 14 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 30 வயதிலோ அதற்கு முன்போ செய்துகொண்டவர்களில் சுமார் 20 சதவீதம் பேர் பின்னால் வருந்தினார்கள். 30-ஐத் தாண்டிச் செய்துகொண்டவர்களில் 6 சதவீதம். எல்லோரும் சொல்லும் கணக்கு இது. அதே ஆய்வில், குழந்தையே பெறாமல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் வருந்தியவர்கள் 6 சதவீதம் சொச்சம்தான். பிரசவத்தோடு சேர்த்துச் செய்துகொண்டவர்களைவிட மிகக் குறைவு. குழந்தை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பது மட்டும்தான் நோக்கம் என்றால், ஆபரேஷன்தான் பலமான வழி என்று நினைக்காதீர்கள். கருக்குழாய் ஆபரேஷனில் முதல் ஆண்டில் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 5 பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப்பில் அது ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான். மயக்க மருந்து வேண்டாம், வயிற்றில் துளை வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். இதெல்லாம் தெரிந்த பிறகும், "இந்தப் பேச்சு என் வாழ்க்கையில் முடிந்தது" என்ற நிம்மதிதான் வேண்டும் என்றால், அதுவும் முறையான காரணமே. செய்யத் தயாராக இருக்கும் டாக்டரைத் தேடுங்கள். குழாயைக் கட்டுவதற்குப் பதில் முழுவதுமாக எடுத்துவிட முடியுமா என்றும் கேளுங்கள். சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதனால் குறைகிறது. ஆனால் குழாயைத் திரும்ப இணைக்க வழியே இருக்காது. மனம் மாறினால் ஐ.வி.எஃப். மட்டும்தான்.

அதற்கு முன் அடுத்த பதிலை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள்.

அல்சூரில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன், வயது 36. எங்களுக்குக் குழந்தை வேண்டாம். மனைவிக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. நானே ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்றால் அம்மா அழுகிறார்கள். தெம்பு போய்விடும், பாரம் தூக்க முடியாது என்கிறார்கள்.

உங்களைப் போல நாலு பேர் முன்வந்தால் என் வேலை எவ்வளவோ சுலபமாகிவிடும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தம்பதிகளில் மனைவி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சுமார் 38 சதவீதம். கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதம். இரண்டில் எளிதான ஆபரேஷன் ஆண்களுடையது.

கத்தி வைக்காத முறைதான் இப்போது வழக்கம். விதைப்பையின் தோலில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த ஊசி சுருக்கென்று இருக்கும், பெரிய வலி அவ்வளவுதான். கூர்முனை இடுக்கியால் சின்னத் துளை போட்டு, விந்துக்குழாயை வெளியே இழுத்து, வெட்டிக் கட்டுவார்கள். தையல் கிடையாது. இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாள் ஓய்வு, இறுக்கமான உள்ளாடை, ஒரு வாரம் ஜாக்கி, எஞ்சின் எதையும் தூக்க வேண்டாம். அப்புறம் பழையபடி வேலை செய்யலாம்.

ஆண்மைக்கான ஹார்மோன் இரத்தத்தின் வழியாகப் போகிறது, வெட்டிய குழாய் வழியாக அல்ல. அதனால் ஆசை, விறைப்பு, தெம்பு எதுவும் குறையாது. விந்தின் அளவுகூடக் கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. அதில் உயிரணுக்களின் பங்கு அவ்வளவு சிறியது.

முக்கியமானது இனிமேல்தான். ஆபரேஷன் முடிந்த அன்றே பலன் கிடைக்காது. மூன்று மாதம் ஆணுறை கட்டாயம். பிறகு விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று ரிப்போர்ட் வந்தால்தான் நிம்மதி. இதைத் தவறவிட்டுவிட்டு மனைவியைச் சந்தேகப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல.

அம்மாவின் பயத்தைக் குறைசொல்ல மாட்டேன். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-ல் மட்டும் நாட்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. பலரை வற்புறுத்தியும் மிரட்டியும் செய்தார்கள். அந்தத் தலைமுறை பட்டது இன்னும் வீடுகளில் பேச்சாக இருக்கிறது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள், அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

கே.ஆர்.புரத்திலிருந்து எழுதுகிறேன். 26 வயது, பிரசவம் ஆனதில்லை. காப்பர்-டி போடலாமா? மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகம், ஹீமோகுளோபின் 9.

பிரசவம் ஆகாதவர்களுக்குப் போடக் கூடாது என்பது பழைய எண்ணம். தாராளமாகப் போடலாம். 380ஏ வகை பத்து ஆண்டு வரை வேலை செய்யும். ஆனால் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காப்பர்-டி போட்ட முதல் சில மாதங்கள் இரத்தப்போக்கு இன்னும் கூடும், 9-ல் இருக்கும் ஹீமோகுளோபின் அதைத் தாங்காது. ஹார்மோன் லூப் நேர்மாறு, போக்கைக் குறைக்கும். சிலருக்கு மாதவிலக்கே நின்றுபோகும், அதில் ஆபத்தில்லை. விலை கூடுதல். ஆனால் இரத்தப்போக்குக்கும் அதுவே வைத்தியம் என்பதால் செலவு வீண் போகாது. போடும்போது வயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல வலிக்கும். வலி குறைய முன்கூட்டியே மருந்து கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். எதற்கும் முன்னால், இவ்வளவு போக்கு ஏன் என்று ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மனைவிக்குச் சொல்லாமல் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? அவளுக்குக் குழந்தை ஆசை உண்டு, எனக்கு இல்லை.

வேண்டாம். ஆஸ்பத்திரி அவர் சம்மதத்தைக் கேட்காமல் போகலாம். ஆனால் மருத்துவக் காரணம் இல்லாமல், துணைக்குத் தெரியாமல் செய்துகொள்வது மனரீதியான கொடுமை ஆகக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் சமர் கோஷ் வழக்கில் சொல்லியிருக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். வராத குழந்தைக்காக அவர் ஊசியும் ஸ்கேனுமாக அலைவதை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறீர்களா? உட்கார்ந்து பேசுங்கள். பிரிவதாக இருந்தாலும் உண்மை தெரிந்து பிரியட்டும்.

டி.பி.க்கு மருந்து சாப்பிடுகிறேன். கருத்தடை மாத்திரை போதுமா?

போதாது. டி.பி. மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும், கைக்குள் வைக்கும் இம்ப்ளான்ட்டும் அப்படியே. காப்பர்-டிக்கு அந்தத் தொல்லை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் கிடைக்கும்.

கருக்குழாய் ஆபரேஷன் ஆகி ஆறு வருடம். இந்த மாதம் நாள் தள்ளிப்போய்விட்டது, லேசாக அடிவயிறு வலிக்கிறது. அலட்சியமாக விடலாமா?

விடாதீர்கள். இன்றே டெஸ்ட் செய்துபாருங்கள். ஆபரேஷனுக்குப் பின் கரு தங்குவது அபூர்வம், ஆனால் தங்கினால் குழாயிலேயே தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டு கோடு தெரிந்தாலோ, வலி ஏறினாலோ, தலைசுற்றினாலோ, தோள்பட்டை வலித்தாலோ நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள், ஆபரேஷன் ஆனதை முதலிலேயே சொல்லுங்கள்.

வயது 47. மாதவிலக்கு விட்டுவிட்டு வருகிறது. இனி ஆபரேஷன் தேவையா?

தேவையில்லை. ஆனால் பாதுகாப்பை இப்போதே விட்டுவிடாதீர்கள். 50 வயதுக்கு முன் மாதவிலக்கு நின்றால், நின்றதிலிருந்து இரண்டு ஆண்டு, 50-க்குப் பின் நின்றால் ஓர் ஆண்டு ஏதாவது ஒரு கருத்தடை வேண்டும். ஏற்கெனவே காப்பர்-டி இருந்தால் அதையே அதுவரை வைத்திருக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 40 வயதுக்கு மேல் போட்டது என்றால் பெரும்பாலும் சரி என்பார்.