எண்பத்து மூன்று மூளைகள்

கேள்வி: என் மகள் நரம்பு நோயியலில் பிஎச்.டி. சேர்ந்திருக்கிறாள். அவளுடைய கைடு அறுபது கட்டுரைதான் எழுதியிருக்கிறார், ஹெச் இண்டெக்ஸ் 20 என்கிறாள். இன்னொரு பேராசிரியருக்கு முந்நூறு கட்டுரை இருக்கிறது, அவரிடம் மாறச் சொல் என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யட்டும் ஐயா?
- ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: இந்த எண்ணுக்காக மாற வேண்டாம் அம்மா.

நான் ராயபுரத்துக்காரன். பேத்தாலஜி லேபில் முப்பத்தோரு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். ஒரு மூளை வந்தால் உடனே வெட்ட முடியாது. அதன் அடிப்பக்கத்து ரத்தக்குழாய்க்கு அடியில் நூலைக் கோத்து, கெடாமல் இறுக்கும் ஃபார்மலின் திரவ வாளியில் தொங்கவிடுவோம். வாளியின் அடியில் பட்டால் அந்தப் பக்கம் சப்பையாகிவிடும். அது இறுகவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அப்புறம் துண்டுபோட்டு, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் சீவி, சாயம் ஏற்றி, ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் அறுபது கட்டுரை என்பது ஒரு ஆயுளின் உழைப்பு.

ஹெச் இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒருவரின் கட்டுரைகளை, பிறர் அதிகமாக மேற்கோள் காட்டியதிலிருந்து வரிசையாக அடுக்குங்கள். இருபது கட்டுரைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இருபது மேற்கோள் இருந்து, இருபத்தொன்று கட்டுரைகளுக்கு அப்படி இருபத்தொன்று இல்லையென்றால் எண் 20. அவ்வளவுதான். வயதில் மூத்தவருக்கு இது தானாகவே கூடும். இருநூறு பேர் சேர்ந்து எழுதிய மரபணுக் கட்டுரையில் நடுவில் ஒரு பெயராக இருந்தாலும் கூடும். ஒரே ஒரு கட்டுரை உலகத்தையே மாற்றியிருந்தாலும் அதில் தெரியாது.

அப்படி ஒரு கட்டுரையைச் சொல்கிறேன். 1991இல் ஹைக்கோ பிராக், ஈவா பிராக் என்ற ஜெர்மானியத் தம்பதி எழுதியது. எண்பத்து மூன்று மூளைகளைப் பார்த்தார்கள். மறதி நோய் வந்தவர்களுடையதும் இருந்தது, வராதவர்களுடையதும் இருந்தது. நாங்கள் ஐந்தாறு மைக்ரான் கனத்தில் சீவுவோம்; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். அவர்கள் நூறு மைக்ரானுக்குச் சீவி வெள்ளிச் சாயம் ஏற்றினார்கள். கனமான சீவலில்தான், அந்த நோயில் நரம்பு செல்லுக்குள் உண்டாகும் முடிச்சுகள் எங்கே தொடங்கி எந்த வழியாகப் பரவுகின்றன என்பது முழுதாகத் தெரிந்தது. நினைவுக்கு வாசல்போல இருக்கிற ஒரு சின்னப் பகுதியில் தொடங்கி, ஆறு கட்டங்களாக மூளை முழுக்கப் போகிறது என்றார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இதை மேற்கோள் காட்டிவிட்டன.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. நூறு மைக்ரான் சீவல் எல்லா லேபிலும் ஆகாது. பிராக் குழு அதே ஆறு கட்டங்களைச் சாதாரண பாரஃபின் சீவலிலேயே, குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடிச் சாயம் போட்டுப் பார்க்கும்படி 2006இல் மாற்றி எழுதிக் கொடுத்தது. என்னைப்போல மைக்ரோடோம் முன்னால் உட்கார்ந்தவனையும் நினைத்துச் செய்த வேலை அது. மறதி நோய் மூளையை மதிப்பிட 2012இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலில் ஏ, பி, சி என்று மூன்று மதிப்பெண்கள் உண்டு; அதில் பி பிராக் கட்டங்களிலிருந்து வருவது. இன்று மூளை வங்கி அறிக்கையில் 'பிராக் நான்கு', அதாவது நான்காம் கட்டம், என்று எழுதுகிறவர் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை, காட்டவும் தேவையில்லை. எந்த இண்டெக்ஸிலும் அது ஏறாது.

அதனால் மகளை ஒன்று செய்யச் சொல்லுங்கள். கைடின் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களில் ஒரு பத்துப் பேரின் கட்டுரையை எடுத்து, 'செய்முறை' பகுதியை மட்டும் படிக்கட்டும். அங்கே கைடின் பெயர் வந்தால் அவர் முறையை வைத்து வேலை நடக்கிறது என்று அர்த்தம். முன்னுரையில் மட்டும் கூட்டத்தோடு கூட்டமாக வந்தால் அது வேறு. முந்நூறு எழுதியவருக்கும் இதையே செய்து பார்க்கட்டும்.

கேள்வி: நம் ஊர் மருத்துவர்கள் எழுதிய நரம்பியல் கட்டுரை எதுவும் உலகத்தில் நிலைத்திருக்கிறதா?
- ஒரு வாசகர், புளியந்தோப்பு

பதில்: இருக்கிறது. இளவயதிலேயே கைகால் மெலிந்து, முகத்திலும் நாக்கிலும் பலம் குறைந்து, காதும் கேட்காமல் போகும் ஒரு நோயை மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் 1970இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் எழுதினார்கள். மதராஸ் மோட்டார் நியூரான் நோய் என்று பெயர். 1996இல் ஊர் சென்னை ஆனது. நோய்க்கு இன்றும் மதராஸ்தான்.