பைக்காரா எங்கே முடிகிறது?

வணக்கம். மகளின் பள்ளி வரைபடத்தில் நீலகிரியின் பைக்காரா ஆறு நடுவழியில் நின்றுவிடுகிறது, முதுமலையின் தெப்பக்காட்டில் மாயாறு எங்கிருந்தோ முளைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு கோடுகளையும் தயங்காமல் இணைத்துவிடுங்கள், ஒரே ஆறுதான். முக்குருத்தி மலைச்சரிவில் பிறந்து, அருவிகளாக விழுந்து மலையிறங்கும் பைக்காராவைத்தான் கீழே மாயாறு என்கிறோம். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களுக்கு இது புனித ஆறு. இதையும் மகளிடம் அவசியம் சொல்லுங்கள். 1932இல் இதன் நீரைக் குழாய்களில் இறக்கி மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள்.

பிறகு மாயாறாக முதுமலைக்கும் கர்நாடகத்தின் பந்திப்பூருக்கும் இடையே எல்லையாக ஓடி, ஆழமான பள்ளத்தாக்கு வழியே கிழக்கே இறங்கி, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு கலக்கிறது. பவானியைப் பலரும் நேர்கோடாக இழுத்துவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். நீலகிரியின் தென்மேற்கு மூலையில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் புகுந்து, திரும்பவும் தமிழகத்துக்கு வருகிற ஆறு அது. அந்த வளைவு அழகாகத் தெரிய வேண்டும். முடிவுப்புள்ளியைப் பவானி கூடுதுறையில், காவிரியில் வையுங்கள்.

பவானிசாகர் அணை கட்டி முடிந்தது 1955இல். கையில் இருப்பது அதற்கு முந்தைய வரைபடம் என்றால் நீர்த்தேக்கத்தை நீங்களே வரைந்து சேர்க்க வேண்டியிருக்கும்.