வாரண்டிக்குப் போன துப்பாக்கி, ரசீது இல்லாத நாலரை மாதம்

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். தேவிபட்டினம் பக்கம் கடலோரமாகச் சின்ன இறால் பண்ணை வைத்திருக்கிறேன். ராத்திரியில் தனியாகக் காவல் இருக்க வேண்டியிருப்பதால் தற்காப்புக்கென்று லைசென்ஸ் வாங்கி, 15 மாதங்களுக்கு முன்பு மதுரையில் ஒரு கடையில் 55,000 ரூபாய்க்குப் புது டபுள் பேரல், அதாவது இரட்டைக்குழல் துப்பாக்கி எடுத்தேன். ஒரு வருட வாரண்டி. மூன்றாவது மாதமே இடது குழலில் கோளாறு. விசையை இழுத்தால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி, வெடிக்காது. அதே தோட்டாவை எடுத்து வலது குழலில் போட்டால் வெடிக்கிறது. இறாலைக் கொத்த வரும் நீர்க்காகங்களை விரட்ட வானத்தைப் பார்த்து ஒன்றிரண்டு வெடி போடுவது வழக்கம், அப்போதுதான் கவனித்தேன். கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். ‘தோட்டா சரியில்லை’ என்று தட்டிக்கழித்தார். எட்டாவது மாதம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கம்பெனிக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்லி நாலரை மாதம் கழித்துத் திருப்பித் தந்தார். எண்ணெய் போட்டுப் பளபளவென்று வந்தது. கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது கேட்டால், வாரண்டி முடிந்துவிட்டது, உப்புக்காற்றில் துருப்பிடித்ததற்குக் கம்பெனி பொறுப்பில்லை, வேண்டுமானால் நீங்களே கூரியரில் அனுப்பிக்கொள்ளுங்கள் என்கிறார். இடையில் தேர்தல் வந்து, துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றேன். ரசீது கேட்டார்கள். என்னிடம் இல்லை. கடைக்காரரைப் போனில் பேசவைத்துத் தப்பித்தேன். தெரிந்த லேத் பட்டறைக்காரர் 500 ரூபாயில், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னைக் கடைந்து போட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? கூரியரில் அனுப்பலாமா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் பணம் கிடைக்குமா?

பதில்: ஐயா, லேத் பட்டறைப் பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டம், 1959-இன் 5-ஆவது பிரிவு. உரிமம் இல்லாமல் பழுது பார்த்தால் 25-ஆவது பிரிவின்படி தண்டனை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அது குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரைக்கும் போகலாம். 500 ரூபாய் வேலைக்கு உங்கள் நண்பர் இந்த ஆபத்தில் தலையைக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கேட்டிருக்கிறார். கொடுத்தவர் என்ற முறையில் உங்களையும் விசாரிப்பார்கள். உரிமம் உள்ளவரா என்று பார்க்காமல் ஆயுதத்தை ஒருவர் கையில் ஒப்படைப்பதே 29-ஆவது பிரிவில் குற்றம். பின்னை மட்டும் கழற்றிக் கொடுக்கிறேன் என்றாலும் தப்பிக்க முடியாது, ஆயுதத்தின் பாகமும் சட்டப்படி ஆயுதம்தான். போகட்டும், வழக்கு நோக்கில் பார்த்தாலும் அந்தப் பின்தான் உங்களுடைய சாட்சி. அதைக் கடைந்துவிட்டால் கோளாறு தொழிற்சாலையிலிருந்து வந்ததா, லேத்திலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

கூரியரும் வேண்டாம். உரிமம் வைத்திருப்பவர் துப்பாக்கியைக் கையோடு எடுத்துச் செல்வது வேறு, பெட்டியில் கட்டிச் சரக்காக அனுப்புவது வேறு. சரக்காகப் போகும் ஆயுதத்துக்கு ஆயுத விதிகள், 2016-இல் தனி நடைமுறை இருக்கிறது. அது உரிமம் பெற்ற வியாபாரிக்குப் பழகிய வேலை. வாங்கிய கடையில் கொடுப்பது உங்கள் பொறுப்பு, அங்கிருந்து தொழிற்சாலைக்கு அனுப்புவது அவருடைய பொறுப்பு. நேரிலேயே தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்விடலாம் என்று தோன்றினால், அதற்கு முன் உங்கள் உரிமம் எந்த எல்லைக்குச் செல்லும் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால், மாநில எல்லையைத் தாண்டிய நிமிடமே நீங்கள் உரிமம் இல்லாதவர்.

மதுரைக்கு நீங்களே போக முடியாத நாள் வரும். பண்ணையை விட்டு நகர முடியாமல் மகனையோ தம்பியையோ அனுப்ப நேரலாம். அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஆயுதச் சட்டத்தின் 3-ஆவது பிரிவின் விதிவிலக்கின்படி, உரிமதாரரின் எழுத்துமூல அனுமதி இருந்தால், உரிமம் இல்லாதவர்கூட ரிப்பேருக்காக அவருடைய துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். வெள்ளைத்தாளில் எழுதினால் போதும்: உரிம எண், துப்பாக்கி எண், யார் எடுத்துச் செல்கிறார், எந்தக் கடைக்கு, எந்தத் தேதியில், எதற்காக. கீழே உங்கள் கையெழுத்து. கூடவே உரிமத்தின் நகல். தோட்டா ஒன்றுகூட அந்தப் பையில் இருக்கக் கூடாது.

இப்போது அந்த நாலரை மாதத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது இதுதான். கோளாறான துப்பாக்கியால் நஷ்டம் 55,000 ரூபாய். ரசீது இல்லாத துப்பாக்கியால் வரும் நஷ்டத்துக்குக் கணக்கே கிடையாது. நாலரை மாதமும் அது எங்கே இருந்தது என்று உங்களிடம் ஒரு வரி எழுத்து இல்லை. அது எங்காவது தொலைந்திருந்தால் அல்லது யாராவது தவறாகப் பயன்படுத்தியிருந்தால், முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பார்கள். ஸ்டேஷனில் போன் பேச்சை ஏற்றுக்கொண்டது அந்த அதிகாரியின் நல்ல மனசு. அடுத்த தடவையும் அதை நம்பியிருக்காதீர்கள்.

ஆகவே கடைக்காரரிடம் பழைய தேதிகளைக் குறித்து ஒரு கடிதம் கேளுங்கள்: எந்த நாளில் துப்பாக்கியை உங்களிடமிருந்து பெற்றுக்கொண்டார், எந்த நாளில் கம்பெனிக்கு அனுப்பினார், எப்போது திரும்பி வந்தது, அங்கே என்ன வேலை பார்த்தார்கள். அவர் பதிவேட்டில் ஏற்றியிருந்தால் தருவதில் சிரமம் இருக்காது. தர மறுத்தால், பதிவேட்டிலேயே இல்லை என்று சந்தேகப்படலாம். அந்தச் சந்தேகத்தையே நோட்டீசில் கேள்வியாக வைக்கலாம். கம்பெனிக்கே அனுப்பாமல் கடையிலேயே எண்ணெய் துடைத்துக் கொடுத்திருப்பாரோ என்று எனக்கு ஒரு எண்ணம். பளபளப்பு மட்டும் வந்து கோளாறு அப்படியே இருப்பதைப் பார்த்தால் வேறு எப்படி நினைப்பது?

அப்புறம் துரு. இது நம் பக்கத்து ஆட்கள் எல்லோரிடமும் சொல்லப்படும் சாக்கு. மோட்டார் பம்பானாலும் ஃபிரிட்ஜானாலும் ‘கடலோரம், உப்புக்காற்று’ என்று சொல்லிக் கையை விரித்துவிடுவார்கள். வாடைக்காற்று அடிக்கும் இரண்டு மாதத்தில் ஜன்னல் கம்பி பொருக்கு விடுவதை நானும் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த வாதம் மூன்று இடத்தில் ஓட்டையாகிறது. கோளாறு தெரிந்தது மூன்றாவது மாதம், துரு என்ற பேச்சு வந்தது 15-ஆவது மாதம். எட்டாவது மாதம் துப்பாக்கியைக் கையில் வாங்கியபோது துரு இருந்திருந்தால் அன்றைக்கே ஏன் எழுதவில்லை? அடுத்து, உங்கள் உரிமத்தில் முகவரி தேவிபட்டினம் என்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் விற்றார். கடலோரத்துக்கு ஆகாத பொருள் என்றால் விற்கும்போது சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது, குழலின் உட்புறத்தைத் துடைத்து எண்ணெய் போடுவது உங்கள் வேலை. ஆனால் ஃபயரிங் பின்னும் அதன் ஸ்பிரிங்கும் துப்பாக்கியின் பூட்டு என்ற விசைப் பகுதிக்குள் இருப்பவை, அவற்றைத் திறந்து பராமரிக்கும்படி யாரும் உங்களிடம் சொல்லவில்லை. திறந்திருந்தால்தான் வாரண்டி போயிருக்கும்!

உங்களிடம் இன்னும் பலமான ஆதாரம் இருக்கிறது, அது உங்களுக்கே தெரியவில்லை. இடது குழலில் வெடிக்காமல் போன தோட்டாக்களில் ஒன்றாவது மிச்சம் இருந்தால் அதன் பித்தளை அடிப்பாகத்தைப் பாருங்கள். நடுவில் உள்ள கேப்பில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியில், பின் குத்திய தடம் இருக்கும். வலது குழலில் வெடித்த காலித் தோட்டாவையும் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் ஆழமான குழி, மற்றதில் நகத்தால் கீறியது போல மேலோட்டமான தடம் என்றால், பின் குட்டையாகவோ ஸ்பிரிங் தளர்ந்தோ இருக்கிறது என்று அர்த்தம். தோட்டா மேல் பழி போட்ட கடைக்காரரின் பதில் அங்கேயே அடிபட்டுவிடும். நல்ல வெளிச்சத்தில், துப்பாக்கி எண்ணும் தெரிய, இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். வெடிக்காத தோட்டாவை மண்ணில் புதைக்கவோ கடலில் எறியவோ வேண்டாம். அது உங்கள் தோட்டாக் கணக்கில் இருக்கிறது, உயிரோடும் இருக்கிறது, பூட்டித்தான் வைக்க வேண்டும். இனிமேல் நீங்களாகச் சோதித்துப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். ‘டிக்’ என்றதும் குழலை மடித்துத் தோட்டாவை எடுத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. தோட்டா சில நேரம் தாமதித்து வெடிக்கும். குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிடமாவது பொறுத்துத்தான் திறக்க வேண்டும்.

வழக்குக்கு வழி தாராளமாக இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். மதுரைக்கோ கம்பெனி இருக்கும் ஊருக்கோ அலைய வேண்டாம், ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, இதை வக்கீலே சொல்கிறேன். கடைக்காரர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் இன்னொருவர் இல்லாதவர் மேல் கையைக் காட்டுவார். காலக்கெடு 2 ஆண்டு. கடைசியாக மறுத்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடம் உண்டு, ஆனால் அதை நம்பாமல் மூன்றாவது மாதத்து வாட்ஸ்அப் செய்தியிலிருந்தே எண்ணுங்கள். அப்படிப் பார்த்தாலும் ஒரு வருடம் கையில் இருக்கிறது. அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுதான் வாரண்டிக்குள் நீங்கள் புகார் சொன்னதற்குச் சான்று. வாரண்டிக்குள் சொன்ன கோளாறை இழுத்தடித்துவிட்டு, பொருள் தங்கள் கையில் இருக்கும்போதே காலம் முடிந்துவிட்டது என்று சொல்வதை ஆணையம் எளிதில் ஏற்காது.

கோளாறைச் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றால், 38-ஆவது பிரிவின்படி ஆணையமே பொருளுக்கு சீல் வைத்துத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும். சென்னையில் உள்ள தடய அறிவியல் துறையின் துப்பாக்கிப் பிரிவுக்கு அனுப்பும்படி மனுவிலேயே கேளுங்கள். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். சோதனை உள்ள வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாக்களின் கணக்கு வேறு, கொஞ்சம் பொறுமை வேண்டும். பழுது நீக்கம், மாற்றுத் துப்பாக்கி அல்லது பணம் திரும்பக் கிடைப்பது என்று மூன்றையும் வரிசையாகக் கேட்டு, அலைச்சலுக்கு நியாயமான ஒரு தொகையும் கேளுங்கள். 55,000 ரூபாய்ப் பொருளுக்கு மன உளைச்சல் 5 லட்சம் என்று எழுதினால் மனு முழுவதும் லேசாகிவிடும். பொருளால் காயம்பட்டவர்களுக்கென்று அந்தச் சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது. உங்கள் கையும் கண்ணும் நன்றாக இருப்பதால் அது உங்களுக்குத் தேவைப்படவில்லை.

பில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் இருந்தால் நல்லது. பண்ணையின் ஜிஎஸ்டி எண் ஏறியிருந்தால், வியாபாரத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு கிளம்பும். சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு விலக்கு உண்டு என்றாலும், அதற்கே இரண்டு வாய்தா போகும்.

நீர்க்காகம் விஷயத்தை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். உங்கள் உரிமம் தற்காப்புக்குத் தரப்பட்டது. பறவை விரட்டுவதற்கு அல்ல. நீர்க்காகம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் பாதுகாப்பில் உள்ள பறவை. வானத்தைப் பார்த்துத்தான் சுட்டேன் என்றாலும் விளக்கம் சொல்ல வேண்டி வரும். கோளாறு எப்படித் தெரிந்தது, எங்கே சுட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். பொய் சொல்லி மனு எழுத நான் சொல்ல மாட்டேன். அந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள், மனு போடுவதற்கு முன் ஒருமுறை நேரில் வாருங்கள், அதைத் தனியாகப் பேசுவோம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: சக்கரக்கோட்டை கண்மாய் போன்ற சரணாலயத்துக்கோ, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்கோ 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் துப்பாக்கி உரிமதாரர்கள் வனத்துறையிடம் பெயரைப் பதிய வேண்டும் என்று அதே சட்டத்தின் 34-ஆவது பிரிவில் இருக்கிறது. மண்டபம், கீழக்கரை பக்கம் இருப்பவர்கள் தங்கள் பத்திரங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது இரண்டு. கடைக்காரருக்கும் கம்பெனிக்கும் 15 நாள் கெடு வைத்து ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். துப்பாக்கி பழுது, ரிப்பேருக்கோ வழக்குக்கோ போக இருக்கிறது என்று உரிமம் தந்த அதிகாரிக்கும் ஸ்டேஷனுக்கும் ஒரு கடிதம், நகலில் சீலும் தேதியும். நோட்டீசைப் பார்த்ததும் கடைக்காரர் வேறு துப்பாக்கி தருகிறேன், வாருங்கள் என்று கூப்பிட வாய்ப்பு இருக்கிறது. மகிழ்ச்சியில் அன்றைக்கே கையில் வாங்கி வந்துவிடாதீர்கள். உங்கள் உரிமத்தில் இருப்பது பழைய துப்பாக்கியின் எண். அது நீங்கிப் புது எண் ஏறும்வரை புதுத் துப்பாக்கி கடையிலேயே இருக்கட்டும்.